பூதத்தானைப் பார்க்காத நாட்கள்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை உலகம்மைதான் வாங்கித் தந்தாள். "வீட்டுக்கு வந்தும் பூதத்தான் கதைதானா? இதுல எழுதி வையுங்க. என் காதுக்குக் கொஞ்சம் லீவு குடுங்க" என்றாள். இருபத்தெட்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் விவரம். பெயர் ஆறுமுகநயினார். வயது ஐம்பத்து நான்கு. தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் உயிரியல் பூங்காவில் விலங்குக் காப்பாளர். பூதத்தான் ஒரு கொரில்லா. வயது பதினான்கு. எடை, போன மாதக் கணக்கில், இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை, உரித்த தேங்காய் மாதிரி இருந்தான். வயிற்றுப் பிள்ளையோடு வெளிநாட்டிலிருந்து வந்த அவன் அம்மா, பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டதை நான் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் துளியூண்டு உருப்படியைப் பார்த்துவிட்டு உலகம்மை, "வாரும் பூதத்தாரே" என்று கேலி செய்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளும் பெயருக்குத் தக்கபடி வளர்ந்துவிட்டான்.

இரண்டு வருடம் நாங்கள் இருவரும் மாறி மாறிச் சுமந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதையும் எழுத வேண்டுமா? எழுதியாயிற்று.

ஜூன் 14, சனி

பூதத்தானுக்கு இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பூங்கா ஒன்று இரவலாகத் தந்திருக்கிறது. ஒரு மாதம் தனிக் கொட்டகையில் வைத்து ரத்தம், சளி எல்லாம் சோதித்தாயிற்று. இன்று அவன் அறைக்குப் பக்கத்து அறையில் விட்டோம். நடுவில் கம்பி வலை. அவர்களுடைய பெயர்கள் என் வாயில் நுழையாது. நான் பெரியவள், சின்னவள் என்று வைத்துவிட்டேன். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தரும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னார். ஆகஸ்ட் முடிவதற்குள் மூவரும் சண்டையில்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெண்கள் இருவரும் வேறு நாட்டுப் பூங்காவுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பூதத்தானுக்கு யாரும் துணை தர மாட்டார்கள்.

"கொரில்லா தனியா இருக்கப் பொறந்ததில்லை அண்ணாச்சி. இன்னும் முப்பது வருசம் அவன் இருக்கலாம். நீங்க நாலு வருசத்துல ரிட்டயர்டு" என்றார் டாக்டரம்மா ரஹ்மத் நிஷா.

எதற்கு இப்போது என் ரிட்டயர்மென்ட்?

ஜூன் 17, செவ்வாய்

வார விடுமுறை. சாரல். குடையைப் பூங்காவில் மறந்து வைத்துவிட்டேன். போய் எடுத்து வந்தேன்.

ஜூன் 21, சனி

பெரியவள் திமிர் பிடித்தவள். பூதத்தான் எவ்வளவு மரியாதையாகக் கம்பி வலைப் பக்கம் போய் உட்கார்ந்து அவளைப் பார்த்தான்! அவளோ பல்லைக் காட்டிக் கத்திக்கொண்டு வலையில் ஓங்கி அறைந்தாள். சின்னவள் மூலைக்கு ஓடிப் போய்த் தலையில் வைக்கோலைப் போட்டுக்கொண்டாள். என் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான். வளர்ப்பு சரியில்லாத பெண்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

ஜூன் 24, செவ்வாய்

விடுமுறை. குடையை எடுக்கப் போனேன்.

ஜூன் 27, வெள்ளி

மூன்று கிலோ முருங்கைக்கீரை, நான்கு கிலோ முட்டைக்கோஸ், சோளத்தட்டை ஒரு கட்டு. கொட்டகை கழுவினேன். தண்ணீர்க் குழாயின் வாய் உடைந்திருக்கிறது, நான்கு முறை சொல்லியும் ஆள் வரவில்லை.

பெரியவள் இன்றும் அறைந்தாள். சாயங்காலம் வழக்கம்போல வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். வீட்டுக்குக் கிளம்பும் முன்பு ஒரு நிமிடம் கண்ணோடு கண் பார்த்துக்கொள்வோம். யார் முதலில் கண் சிமிட்டுகிறாரோ அவர் தோற்றார். பெரும்பாலும் நான்தான் தோற்பேன்.

இதை நான் சும்மா வரவழைக்கவில்லை. குட்டியாக இருந்தபோது பால் புட்டியை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஏல, இங்க பாரு" என்பேன். பார்த்தால்தான் புட்டி. ஒரு நாளைக்கு எட்டு வேளை. இரண்டே மாதத்தில் புட்டியைக் காட்டினால் நேரே என் கண்ணைப் பார்ப்பான். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "அப்படியே மனுசப்புள்ள கணக்கால்லா பாக்கான்!" என்று அதிசயித்துப் போனார்கள். அந்த வருடம் சுதந்திர தினத்தன்று எனக்குப் பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். முன்னறையில் மாட்டியிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

குடை.

ஜூலை 3, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். டீ வந்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேமராவில் பதிந்ததை எல்லாம் வரிசையாகப் போட்டுக் காட்டினார். பெரியவள் வலையில் அறைந்தது மொத்தம் பதினேழு தடவை.

"அவ அறையிறதுக்கு முந்தி இவன் என்ன செய்யுதான்னு மட்டும் பாருங்க அண்ணாச்சி."

பார்த்தேன். "ஒண்ணுமே செய்யலையே டாக்டரம்மா. சும்மா பாத்துக்கிட்டுல்லா இருக்கான்" என்றேன்.

"அதான்."

படத்தை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். கொரில்லாக்களிடையே கண்ணுக்குள் நேராகப் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது. மரியாதை தெரிந்த கொரில்லா முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும், புல்லைப் பிடுங்கும், தொண்டைக்குள் மெதுவாக உறுமும். அம்மாவின் மடியில் இருக்கும்போதே குட்டிகள் இதைப் படித்துக்கொள்கின்றன. பூதத்தானுக்குப் பால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்திருந்தது. பிறவியிலேயே தெரிந்திருந்தது.

அவர் மேலே சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தாடையைப் பிடித்துத் திருப்பியது இந்தக் கைதான்.

பதினான்கு வருடமாக என் பிள்ளை நல்ல பிள்ளை என்று நினைத்து ஒரு சண்டைக்காரனை வளர்த்திருக்கிறேன். அவனுக்கே அது தெரியாது. பெரியவளைப் பார்த்து, "நான் நல்லவன், என்னைப் பார்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வா ஒரு கை பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

உலகம்மையிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"கல்யாணமான புதுசுல நீங்களும் இப்படித்தானே முறைச்சி முறைச்சிப் பாத்திய. எனக்கு ஈரக்குலையே நடுங்கிச்சி. ஆளு நல்லவருன்னு தெரிய ஆறு மாசம் ஆச்சி."

"இதை ஏன் எங்கிட்ட இத்தனை நாளா சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்ல."

பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

விடுமுறை எல்லாம் இல்லை. பாடம் தொடங்கிவிட்டது. பூதத்தான் என் கண்ணைப் பார்த்தால் தீனி கிடையாது. வேறு பக்கம் பார்த்தால்தான் உண்டு. நானும் அவனைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்து, இலையைக் கிள்ளி, "ம்ம்ஹ்ம்" என்று தொண்டைக்குள் உறும வேண்டும். எஸ்தர் செல்போனில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். வெற்றிலை போட்ட கிழவர் சாப்பிட்டு முடித்துவிட்டு விடும் சத்தம்தான். இந்த வயதில் கொரில்லாவின் மரியாதையை நான் முதலில் படித்து, பிறகு கொரில்லாவுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

பூதத்தானுக்குப் புரியவில்லை. நான் முகத்தைத் திருப்பினால் அவன் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து என் முகத்தைத் தேடுகிறான். மறுபடி திருப்பினால் மறுபடி வருகிறான். காலையில் பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை கம்பி வலைக்குள் விரலை விட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "என்ன கோவம் ஒனக்கு?" என்று கேட்கிற மாதிரியே இருந்தது.

நான் திரும்பவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதுதான் இன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிடும்போது என்னை அறியாமல் "ம்ம்ஹ்ம்" என்று உறுமினேனாம். "குழம்பு நல்லா இருக்குன்னு வாயத் திறந்து சொன்னா என்ன?" என்றாள் உலகம்மை.

பூதத்தான் இன்று மூன்று தடவை தானாகவே கீழே பார்த்தான். மூன்று தடவையும் முருங்கைக்கீரை கொடுத்தேன். பெரியவள் வலையில் அறையவில்லை. நல்ல நாள்.

ஜூலை 19, சனி

இன்று நடுக்கதவைத் திறந்தோம். மூவரும் முதல் முறையாக ஒரே இடத்தில். பதினைந்தாவது நிமிடத்தில் சண்டை. பெரியவள் பூதத்தானின் தோளைக் கடித்துவிட்டாள். மயக்க ஊசி போட்டு ஒன்பது தையல். பதிவேட்டில், "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

நேற்று என்னை டாக்டரம்மா அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே பத்து நிமிடம் இருந்தேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தீனி போடும் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கதவை ஒரு சாண் திறந்தேன். அவன் பயந்திருப்பான் என்று நினைத்தேன். பயந்துதான் இருந்தான். ஆனாலும் பாடத்தை மறக்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வாடை பட்டதும் எழுந்து ஓடி வந்தான். என் கண்ணைப் பார்த்தான். நானும் பார்த்தேன். "ஒண்ணுமில்லல, போ" என்றேன்.

அதே கண்ணோடு அவன் பெரியவள் பக்கம் திரும்பினான்.

அவள் பாய்ந்தபோது அவன் கையைக்கூட ஓங்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ, ஓங்கியிருந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள். சண்டைக்கு நாம்தான் கூப்பிட்டோம் என்பதே அவனுக்குத் தெரியாது. ரத்தத்தோடு என் கதவுக்குத்தான் திரும்பி வந்தான்.

ஜூலை 21, திங்கள்

காலையில் நேரே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி. கேமராவுல உங்க சட்டைக் கை தெரியுது. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இருவரும் இயக்குநரைப் பார்க்கப் போனோம். அவர் கோபமாகத்தான் இருந்தார். "இன்னொரு தடவை ரத்தம் வந்தா அந்த நிமிஷமே பெண்களைத் திருப்பி அனுப்பிடுவேன். நீங்க என்ன சொல்றீங்க நயினார்?"

"ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அவனை எஸ்தர் பாக்கட்டும் ஐயா. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். என் வாடை கூட அவனுக்கு வரக்கூடாது" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நானே சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

என்னை மான் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

ஜூலை 25, வெள்ளி

புள்ளிமான்கள் அறுபத்து மூன்று. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.

ஜூலை 27, ஞாயிறு

தையல் ஆறி வருகிறதாம். ஆனால் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். நான் வரும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். எஸ்தர் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நான்தான் விடாமல் கேட்டேன்.

மான் கொட்டகையிலிருந்து கொரில்லா வீட்டுக்கு நானூறு அடி. ஒரு தடவை பாதி தூரம் நடந்தேன். காற்று அந்தப் பக்கமாக அடித்தது. திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. உலகம்மை தேங்காய்ச்சாதம், புளிச்சாதம் கட்டிக்கொண்டு என்னை ஆற்றுக்கு இழுத்துப் போனாள். நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. திரும்பி வரும்போது எஸ்தரின் போன். "நேத்தும் இன்னைக்கும் முழுத் தீனியும் தின்னுட்டான் அண்ணாச்சி. எங்கிட்ட வரும்போது தரையத்தான் பாக்கான்."

உலகம்மை போனை வாங்கி, "அவனுக்கு வெண்டைக்கா பிடிக்கும், கூடப் போடு தாயி" என்றாள். பதினான்கு வருடமாகத் தன் காதுக்கு லீவு வேண்டும் என்கிறவள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. வருடா வருடம் உலகம்மை போவாள், எனக்கு லீவு கிடைக்காது. இந்த வருடம் மான்களை விட்டுவிட்டுப் போனேன்.

என்ன கூட்டம்! அம்மன் தவமிருக்கிறாள், சாமி வந்து காட்சி கொடுக்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காக அத்தனை சனமும் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது. தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளையை ஒரு தகப்பன் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அங்க பாரு, சாமி உன்னப் பாக்காரு" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாங்கள் இப்படித்தான் வளர்ந்தோம். சாமியே நம்மைக் கண் திறந்து பார்க்க வேண்டும் என்று காத்து நிற்கிற ஆட்கள். பிள்ளையைப் பார்க்கச் சொன்னது எப்படித் தப்பாகும் என்று எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? அந்த இடத்தில் நின்று என்னை நானே மன்னித்துக்கொண்டேன். முழுவதும் இல்லை, முக்கால்வாசி.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடி கதவைத் திறந்தார்கள். நான் மான்களுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டே இருந்தேன், தொட்டி வழிந்து செருப்பு நனைந்த பிறகுதான் தெரிந்தது.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா நடந்தே வந்தார். மூச்சு வாங்கியது.

"பெரியவ நேரா வந்து அவன் கையிலிருந்த கீரையப் பிடுங்கிட்டா அண்ணாச்சி."

"ஐயய்யோ. அவன்?"

"முகத்தத் திருப்பிக்கிட்டுப் புல்லப் பிடுங்குனான். 'ம்ம்ஹ்ம்'னான். அப்படியே நீங்க சொல்லிக் குடுத்த சத்தம்."

டாக்டரம்மாவும் நானும் மான்களுக்கு நடுவில் நின்று ஆளுக்கொரு தடவை உறுமிப் பார்த்துச் சிரித்தோம். மான்கள் எல்லாம் மூலைக்கு ஓடிவிட்டன.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சின்னவள் அவனுக்கு இரண்டடி தள்ளிப் படுத்துத் தூங்கினாளாம். இரண்டடிதானா, சரியாக அளந்தாயா என்று எஸ்தரைக் கேட்டேன். "வாரும், வந்து டேப் வச்சு அளந்துட்டுப் போரும்" என்றாள். வாய் நீளமாகிவிட்டது அவளுக்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெண்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். பூதத்தானின் கொட்டகை இனி எஸ்தர் பொறுப்பு. நான் பார்வையாளர் பக்கம், கண்ணாடிச் சுவருக்கு வெளியே. ஜனங்கள் அவனை முறைப்பதையும் கண்ணாடியைத் தட்டுவதையும் தடுக்க ஒரு ஆள் வேண்டுமாம். "உங்களை விட அதுக்கு யார் நயினார்?" என்றார். சரி என்றேன். கொஞ்சம் வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், நிறைய வலித்தது. ஆனால் வலியைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குற்றாலத்துச் சீசன் கூட்டம் முழுவதும் குளித்த தலையோடு இங்கே வந்துவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் முந்நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் ஒரு பெரிய மீசைக்காரர் மூக்கைக் கண்ணாடியில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நேராப் பாக்காதீய. அவங்களுக்கு அது சண்டைக்குக் கூப்பிடுத மாதிரி. இப்படித் திரும்பி நில்லுங்க. பக்கத்துச் சொவரப் பாருங்க" என்றேன்.

"டிக்கெட் எடுத்துட்டு வந்து சொவரப் பாக்கச் சொல்லுதீரு? என்னவே ஞாயம் இது?"

"ஓரக்கண்ணால பாத்துக்கிடுங்க. அதுக்குத் தடையில்ல."

அவர் மனைவி முதலில் திரும்பினாள். பிறகு பிள்ளைகள். பிறகு சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக எல்லோரும். மீசைக்காரரும் கடைசியில் திரும்பினார். முந்நூறு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் அவன் அத்திமர நிழலிலிருந்து எழுந்து வந்தான். முதுகு வெள்ளி மாதிரி மின்னியது. தோளில் தழும்பு. நாற்பத்து மூன்று நாளுக்குப் பிறகு பார்க்கிறேன். கண்ணாடிக்கு ஐந்தடியில் நின்றான். என்னைக் கண்டுகொண்டான். கண் இமைக்கும் நேரம்தான். என் கழுத்து தானாக அவன் பக்கம் திரும்பப் பார்த்தது, பதினான்கு வருடப் பழக்கம் ஆயிற்றே.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கவாட்டில் உட்கார்ந்தான். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மெதுவாக வாயில் போட்டுக்கொண்டான்.

நானும் சுவர் பக்கம் திரும்பினேன். தொண்டைக்குள் உறுமினேன். கண்ணாடி தடிமனானது, அவனுக்குக் கேட்டிருக்காது. கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்திலிருந்த பெண் கேட்டதற்குச் சாரல் என்றேன். கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

சின்னவள் வந்து அவன் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள் எழுந்து மரத்தடிக்குப் போனாள், அவர்கள் இருவரும் பின்னால் போனார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். உலகம்மை தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அவனப் பாத்தியளா?"

"இல்ல. பாக்கல."

"அவன் உங்களப் பாத்தானா?"

"அவனும் பாக்கல."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அப்ப நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசையை என் தட்டில் போட்டாள்.